முன் வரிசையில யாரும்மா?

மேடை என்றால் பெய் லானுக்குப் பயம் கிடையாது. பந்திங் ஊர்க் கச்சேரியில் ஒருமுறை பாதிப் பாட்டில் மின்சாரம் போய் மைக் செத்துவிட்டது. வேறொருத்தியாக இருந்தால் உள்ளே ஓடியிருப்பாள். இவள் மேடை விளிம்புக்கு வந்து நின்று வெறும் தொண்டையிலேயே மிச்சப் பாட்டைப் பாடி முடித்து, கைதட்டலையும் வாங்கிக்கொண்டுதான் இறங்கினாள். மலேசியச் சீனத் தொலைக்காட்சித் தொடர்களில் அவளுக்கு இதுவரை பதினொரு கல்யாணம் ஆகியிருக்கிறது. அதில் ஏழு புருஷன்மார் செத்துப்போனார்கள். சந்தைக்குப் போனால் சீனக் கிழவிகள் காய்கறிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மாமியார்காரியைச் சும்மா விடாதே" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். விடமாட்டேன் என்று அவளும் சத்தியம் செய்து கொடுப்பாள். இருபது வருஷமாக இந்தப் பிழைப்புதான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு அன்று சாயங்காலம் கோலா பிலாவில், கச்சேரி மேடைக்குப் பின்னால், உள்ளங்கை வேர்த்தது.

"என்னாக்கா இது, கை நசநசன்னு இருக்கு?" என்றாள் ஜோஆன், வாயில் நாலு ஊக்கை வைத்துக்கொண்டு. அம்பாங்கான் ஊர்க்காரி. எட்டு வருஷமாகப் பெய் லானின் உடை, ஒப்பனை, நாள் குறிப்பு எல்லாம் இவள் கையில்தான்.

"அம்மா வராங்க ஜோ."

"தெரியும்லா. ஏழரைக்கு வாசல்ல போயி கூட்டிக்கிட்டு, கரும்புச்சாறு கடைப் பக்கம் இருக்கிற கூடாரத்துல உக்கார வெச்சிடறேன். யாரு கண்லயும் படமாட்டாங்க. ரிலேக்ஸ்லா."

யாரு கண்லயும் படமாட்டாங்க. அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஆனால் அப்படிச் செய்யச் சொன்னதே பெய் லான்தான். அதனால் கண்ணாடியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா என்றது பஞ்சாலையை. பெய் லானின் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தால் அதில் பெய் லான் இருக்கமாட்டாள். தனலெட்சுமி இருப்பாள். தகப்பன் பெயர் சன்னாசி. பிறந்ததென்னவோ சீனர் வீட்டில்தான். கோலா பிலாவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டம், தோட்டத்து முனையில் ஒரு மளிகைக் கடை, கடைக்காரருக்கு நாலாவது பெண். இந்தப் பிள்ளை வீட்டில் வளர்ந்தால் மூத்த மகனுக்கு ஆகாது என்று கோயிலில் குறி சொன்னவன் சொல்லிவிட்டான். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தமிழர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவது சீனர்களிடையே வழக்கம். சூதுவாது இல்லாமல் வளர்ப்பார்கள் என்று நம் சனத்துக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. பஞ்சாலை அங்கே அரிசி வாங்கப் போனவள், அரிசியோடு பால்டின் அட்டைப்பெட்டியில் இருபத்தெட்டு நாள் குழந்தை ஒன்றையும் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்கு வந்தாள். மறுநாள் விடியற்காலை குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வழக்கம்போல ரப்பர் பால் வெட்டப் போனாள். அவ்வளவுதான் சடங்கு.

லெட்சு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தாள். தேவாரப் போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கினாள். போட்டிக்கு அழைத்துப் போகிறவர் சன்னாசி. தோட்டத்து ரப்பர் பால் லாரியை ஓட்டுகிறவர். தோளில் எப்போதும் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. மோட்டார் சைக்கிளில் மகளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, காற்றில் தொண்டை கட்டிவிடக் கூடாதென்று அந்தத் துண்டை அவள் கழுத்தில் சுற்றிவிடுவார்.

பதினெட்டு வயதில் செனாவாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. விடுதி அறையில் கூட இருந்த ஐந்து பேரும் சீனப் பெண்கள். அங்கேதான் அவளுக்கு மாண்டரின் வாயில் படிந்தது. சனிக்கிழமைகளில் கரோக்கே பாடப் போவார்கள். திரையில் ஓடும் சீன எழுத்து இவளுக்குக் கோழி கிண்டியது மாதிரி இருக்கும். என்ன செய்தாள்? பாட்டைக் காதால் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். குரல் மேலே போகிற இடத்துக்கு ஒரு கோடு, இறங்குகிற இடத்துக்கு ஒரு கோடு, வளைகிற இடத்துக்கு ஒரு கொக்கி. மூன்றாம் வருஷம் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு. அவளைப்போலத் திருத்தமாகச் சீனம் உச்சரிக்கிற பாடகி நாட்டிலேயே இல்லை என்று நடுவர்கள் புகழ்ந்தார்கள். இன்றைக்கும் அவளுடைய வசனம், பாட்டு எல்லாம் தமிழ் எழுத்தில்தான். ஜோஆன் சீனப் பள்ளியில் படித்தவள். அவள் வாசிப்பாள், இவள் எழுதிக்கொள்வாள். சீனப் பள்ளியில் படித்த தமிழச்சியும் தமிழ்ப் பள்ளியில் படித்த சீனத்தியும் சேர்ந்து நடத்துகிற இந்த வித்தை படப்பிடிப்பில் யாருக்கும் தெரியாது. அந்த நோட்டுப் புத்தகத்தை ஏதோ மந்திரப் புத்தகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மரியாதையாகத் தள்ளி நிற்கிறார்கள்.

மறைக்கச் சொன்னவர் மிஸ்டர் லோக். அவளுடைய மேனேஜர். கெட்டவர் இல்லை, கணக்காக யோசிக்கிறவர். "கோலா பிலா கடைக்காரர் மகள், சிறு வயதிலேயே தனியாக வளர்ந்தவள். இது போதும். அதற்கு மேல் சொன்னால் உன் பாட்டைக் கேட்கமாட்டார்கள், உன் கதையைத்தான் கேட்பார்கள்" என்றார். இருபத்தொரு வயதில் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சிரம்பானில் ஒரு பேரங்காடி நிகழ்ச்சி. வேலை முடிந்து லாரி உடுப்போடு, தோளில் துண்டோடு, கையில் ஒரு பை ரம்புத்தான் பழத்தோடு சன்னாசி வந்து நின்றார். பத்திரிகைக்காரி ஒருத்தி மாண்டரினில் கேட்டாள்: "யார் இவர்?"

மேடைக்குப் பயப்படாதவள் அன்றைக்குப் பயந்தாள். "எங்கள் பழைய டிரைவர்" என்று சொன்னாள்.

சன்னாசிக்குச் சீனம் புரியாது என்று நினைத்திருந்தால் அது மடத்தனம். முப்பது வருஷம் சீனர் கடைகளில் காப்பி குடித்தவர். அவர் முகம் மாறவில்லை. பையை அவளிடம் நீட்டினார். "திரிமா காசே, மிஸ்" என்று மலாயில் நன்றி சொல்லிவிட்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் எந்த நிகழ்ச்சிக்கும் வரவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. வெட்கம். ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் போன் மட்டும் வரும். பாட்டு எப்படி, கூட்டம் எப்படி என்றெல்லாம் கேட்கமாட்டார். ஒரே கேள்விதான்.

"முன் வரிசையில யாரும்மா?"

டத்தோ பட்டம் வாங்கிய இன்னார், வங்கி மேலாளர், படக் கம்பெனி முதலாளி என்று அவள் அடுக்குவாள். "ஆங், ஆங்" என்று கேட்டுக்கொள்வார். மறுநாள் அந்தப் பட்டியலைத் தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார் என்று பஞ்சாலை சொல்லித் தெரியும். ஒருமுறை மட்டும், "இன்னிக்கு முன் வரிசையில யாரும் இல்லப்பா. காலியா விட்டுட்டாங்க" என்றாள். அது சீனர்களின் ஏழாம் மாதம். கீழுலகத்தின் கதவு திறந்து, செத்தவர்கள் பசியோடு வெளியே வருகிற மாதம். அவர்களுக்குச் சோறு வைப்பார்கள், காகிதப் பணம் எரிப்பார்கள், மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரியும் வைப்பார்கள். முன் வரிசை நாற்காலிகள் அவர்களுக்கு. மந்திரியே வந்தாலும் இரண்டாம் வரிசைதான்.

சன்னாசி வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப எனக்கும் ஒரு நாளைக்கு முன்னுக்கு சீட்டு கெடைக்கும்னு சொல்லு."

போன மாசி மாதம் போய்ச் சேர்ந்தார். செனாவாங்கில் மகன் முகுந்தன் வீட்டில் காரியம் நடந்தது. லெட்சு தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வந்து, முகக்கவசத்துக்குள்ளேயே அழுதுவிட்டுப் போனாள்.

அதனால்தான் இந்த வருஷத்து ஏழாம் மாதக் கச்சேரிக்கு அம்மாவையாவது கூப்பிட்டாள். பஞ்சாலை இதுவரை மகளை மேடையில் பார்த்ததில்லை. கூப்பிட்ட நேரம்தான் சரியில்லை. பெரிய சரித்திரப் படம் ஒன்றில் ராணி வேஷத்துக்கு அவளைப் பார்க்க, படக் கம்பெனிக்காரர்கள் நான்கு பேர் அன்றைக்கு இரண்டாம் வரிசைக்கு வருகிறார்கள். பத்து வருஷமாக அவள் காத்திருந்த வேஷம். ஆகவே கரும்புச்சாறு கடைப் பக்கம்.

திட்டத்தில் ஓட்டை ஒன்று இருந்தது. தோட்டத்து ஆட்களை ஏழரைக்கு வரச் சொன்னால் ஆறே முக்காலுக்கு வருவார்கள் என்பது லெட்சுவுக்கு மறந்துபோய்விட்டது.

முகுந்தன் வாடகை வேனில் எட்டுப் பேரைக் கொண்டுவந்து சந்தைத் திடல் வாசலில் இறக்கிவிட்டு, வேனை நிறுத்த இடம் தேடிப் போனான். உள்ளே வந்த பஞ்சாலை என்ன பார்த்தாள்? ஆயிரம் பேர் கூட்டம். பின்னால் நிற்கக்கூட இடமில்லை. ஆனால் மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசை முழுக்கச் சிவப்பு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பாக்கெட் தேநீர், ஒரு ஆரஞ்சுப் பழம். மகள் தன் வீட்டு ஆட்களுக்காக ஏற்பாடு செய்து வைத்ததைத் தவிர இது வேறென்னவாக இருக்கும்?

"பாத்தியாடி ரோகினி," என்றாள் மருமகளிடம். "பழம் மொதக்கொண்டு வெச்சிருக்கா எம்மக."

எட்டுப் பேரும் நடந்து வந்து உட்கார்ந்தார்கள். பஞ்சாலை கைப்பையிலிருந்து சன்னாசியின் துண்டை எடுத்து, முகுந்தனுக்கு இடம் பிடிக்கப் பக்கத்து நாற்காலியில் விரித்தாள். புருஷன் போனதிலிருந்து அந்தத் துண்டு இல்லாமல் அவள் எங்கும் போவதில்லை. ரோகினிக்குத் தாகம். செத்தவர்களின் தேநீர்ப் பாக்கெட்டில் குழலைக் குத்தி உறிஞ்ச ஆரம்பித்தாள்.

பின்னால் ஆயிரம் பேர் மூச்சை இழுத்துக்கொண்டது மேடைக்குப் பின்னால் கேட்டது. ஜோஆன் திரையை விலக்கிப் பார்த்தாள். வாயிலிருந்த ஊக்கெல்லாம் கீழே விழுந்தது.

"ஐயோ அக்கா. முன்னுக்கு உக்காந்திட்டாங்க."

பெய் லான் வந்து பார்த்தாள். கமிட்டி ஆட்கள் மூன்று பேர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள். "தா போலே, மாச்சிக், தா போலே!" இங்கே உட்காரக் கூடாது என்று மலாயில் சொல்லிக் கையை வீசினார்கள். பஞ்சாலை நகரவில்லை. நாற்பது வருஷம் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோருக்குப் பதில் சொல்லிப் பழகியவள், கையை வீசினால் எழுந்துவிடுவாளா? மேடைக்கு மேலே தொங்கிய பதாகையைக் காட்டினாள். அதில் ஆளுயரத்துக்குப் பெய் லானின் முகம்.

"அனாக் சாயா" என்றாள். என் பிள்ளை.

கமிட்டி ஆட்கள் சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டாம் வரிசை சிரித்தது. பிறகு அதற்குப் பின் வரிசை. சேலை கட்டிய, கறுத்த, எழுபது வயதுக் கிழவி ஒருத்தி சீன நட்சத்திரத்தைத் தன் பிள்ளை என்கிறாள், சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பஞ்சாலையும், அவர்கள் சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கூடச் சேர்ந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் பெய் லானால் தாங்க முடியவில்லை.

மிஸ்டர் லோக் பக்கத்தில் வந்து நின்றார். "பதறாதே. நான் பார்த்துக்கொள்கிறேன். யாரோ விவரம் தெரியாதவர்கள் என்று சொல்லி வெளியே அனுப்பிவிடுகிறேன். நீ உன் நேரத்துக்கு மேடைக்கு வந்தால் போதும். கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்."

"யாரோவா?"

"வேறெப்படிச் சொல்வது? நீயே முன்பு ஒருமுறை அழகாகச் சொன்னாயே."

கேட்ட மாத்திரத்தில் அவளுக்கு உள்ளங்கை வேர்ப்பது நின்றுவிட்டது. பன்னிரண்டு வருஷமாக எது பயமுறுத்திக்கொண்டிருந்ததோ அது நேரே வந்து நின்றதும், இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. நோட்டுப் புத்தகத்தை ஜோஆன் கையில் கொடுத்தாள்.

"புடிச்சிக்க."

"அக்கா, பாட்டு?"

"பாட்டுக்கு என்னா அவசரம்?"

அவள் மேடைக்கு நடந்து வந்ததும் வாத்தியக்காரர்கள் பழக்க தோஷத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். கையைத் தூக்கினாள், நின்றது. கூட்டமும் நின்றது. அவளுக்கு வேண்டிய அமைதி அது. எந்த ஊரிலும் அதை ஒரு கையால் வாங்கத் தெரிந்தவள் அவள்.

"அம்மா" என்றாள் மைக்கில்.

திடலின் நாலு மூலையிலும் இருந்த ஒலிபெருக்கிகளில் அந்தத் தமிழ்ச் சொல் போய் மோதித் திரும்பியது. சிரித்துக்கொண்டிருந்த கமிட்டி ஆள் வாயைத் திறந்தபடியே நின்றான்.

"அம்மா, அது செத்தவங்க உக்கார்ற எடம்மா. இந்த மாசம் அவங்க பாட்டுக் கேக்க வருவாங்க. ஒங்களுக்கு நான் சொல்லியிருக்கணும். எந்திரிச்சி இங்க வாங்க, எம்பக்கத்துல."

பிறகு கூட்டத்தைப் பார்த்து மாண்டரினில் பேசினாள். அந்தத் திருத்தமான உச்சரிப்பு ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. "இவர் சொன்னது உண்மை. நான் இவருடைய மகள். இருபத்தெட்டு நாளிலிருந்து என்னை வளர்த்தவர். முன் வரிசையில் உட்காரக் கூடாது என்று இவருக்குத் தெரியாது. சொல்லித்தராத தப்பு என்னுடையது. செத்தவர்களும் உயிரோடிருப்பவர்களும் என்னை மன்னிக்கவேண்டும்."

யாரும் கைதட்டவில்லை. போன்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே எழும்பின. கம்பெனிக்காரர்களில் ஒருவர் இன்னொருவர் காதில் ஏதோ சொன்னார். சொல்லட்டும் என்று இருந்தது அவளுக்கு.

கீழே, செத்தவர்கள் என்ற வார்த்தை கேட்டதும் ரோகினி தேநீரைத் துப்பினாள். தோட்டத்துப் பெண்கள் நாற்காலி சுட்டதுபோல எழுந்தார்கள். பஞ்சாலை மட்டும் நிதானமாக எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, பக்கத்து நாற்காலியிலிருந்த துண்டை எடுக்கக் கை நீட்டினாள்.

"அம்மா. துண்டு இருக்கட்டும்."

பஞ்சாலை நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்மா?"

"அப்பாவுக்கு அங்க எடம் இருக்கும்மா."

பஞ்சாலையின் கை அப்படியே நின்றது. நாற்காலியைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது. அழுதுவிடுவாள் போலிருந்தது. ஆனால் அவள் அழவில்லை. துண்டின் சுருக்கத்தை நீவி, முதுகுப் பக்கம் ஒழுங்காகத் தொங்கும்படி விரித்துவிட்டாள். தினமும் காலையில் அவர் தோளில் போட்டுவிடுகிற மாதிரி.

கமிட்டித் தலைவர் மிஸ்டர் ஹோ முன்னால் வந்தார். எண்பதை எட்டிக்கொண்டிருக்கிற மனுஷர். அவர் ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கூட்டம் அவரையே பார்த்தது. அவர் துண்டைக் குனிந்து பார்த்தார். பிறகு நல்ல தோட்டத்துத் தமிழில் கேட்டார். அவர் அப்பா காலத்திலிருந்து இரண்டு தலைமுறையாகத் தோட்டங்களுக்குச் சாமான் விற்ற குடும்பம்.

"இது யாரு துண்டு? லோரி சன்னாசியா?"

"ஆமா தவுக்கே" என்று முதலாளிக்குரிய மரியாதையோடு சொன்னாள் பஞ்சாலை.

"ஆளு போயாச்சா? எப்போ?"

"மாசியில."

மிஸ்டர் ஹோ தலையை ஆட்டினார். "நம்ம கடையிலதான் டெய்லி காப்பி குடிப்பான். மகளு பாட்டு, மகளு பாட்டுன்னு பேசுவான். எந்த மகளுன்னு நமக்குத் தெரியலலா." ரோகினி காலி செய்த பாக்கெட்டை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புதுசாக ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, துண்டு விரித்த நாற்காலியின் முன்னால் இரண்டு கையாலும் வைத்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சீனத்தில் இரண்டே வார்த்தை சொன்னார். அவர் இருக்கட்டும்.

முணுமுணுப்பு அடங்கியது. முன் வரிசையின் கடைசியில் யாரோ ஒரு கிழவி ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி வைத்தாள்.

ஜோஆன் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தாள். பஞ்சாலை மேடை ஏறி, ஆயிரம் பேரையும் ஒரு பார்வை பார்த்து, இதற்காகவே பிறந்தவள்போலக் காலை நீட்டி உட்கார்ந்தாள். திரைக்குப் பின்னால் மிஸ்டர் லோக் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாசலில் வேனை நிறுத்திவிட்டு வந்த முகுந்தன், அம்மா மேடையிலும் அப்பாவின் துண்டு நாற்காலியிலும் இருப்பதைப் பார்த்து, எதுவும் புரியாமல் நின்ற இடத்திலேயே நின்றான்.

பெய் லான் மேடை விளிம்புக்கு வந்தாள். மாண்டரினில், மெதுவாக, பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொள்ள அவகாசம் கொடுத்துச் சொன்னாள்.

"பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சிரம்பானில் ஒருவரை எங்கள் டிரைவர் என்று சொன்னேன். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் எழுதியிருப்பீர்கள். அதை அடித்துவிடுங்கள். அவர் பெயர் சன்னாசி. என் அப்பா. எனக்குப் பாடச் சொல்லிக்கொடுத்தது தமிழ்ப் பள்ளி. பாடுகிற இடத்துக்கெல்லாம் கொண்டுபோய் விட்டது அவருடைய மோட்டார்."

பிறகு சிவப்பு நாற்காலியைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை. குரல் ஒரு தடவை உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, இன்னிக்கு முன் வரிசையில நீங்கதாம்பா."

வாத்தியக்காரர்களுக்குக் கையைக் காட்டினாள். அவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.